தவளையைப் பற்றிய வரி

12 ஆகஸ்டு 1983, வெள்ளி. ஜார்ஜ்டவுன்.

மலைக்காட்டில் ஹோட்டல் கட்டுவதற்கான அறிக்கையை இன்று டைப் செய்தேன். அங்குள்ள ஓடைத் தவளை அருகி வருகிறது, காட்டை வெட்டினால் அழிந்துவிடும் என்று ஆய்வு செய்த ரோகிணி அக்கா எழுதியிருந்தார். மேனேஜர் அதன்மேல் கோடு போட்டார்.

"இத எடுத்துடு லா."

"அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்கவா, சார்?"

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

எடுத்துவிட்டேன்.

மாலையில் அக்கா போன் செய்தார். "தவளை பத்தி எழுதினது இருக்குல்ல?"

"இருக்கு அக்கா."

"திங்கக்கிழமை வந்து சைன் பண்றேன். நீ டைப் பண்ணா நான் படிச்சுக்கூடப் பார்க்க மாட்டேன்."

நாளை பாதி நாள் வேலை. மேனேஜர் வருவதற்குள் அந்தப் பக்கத்தைத் தவளை வரியோடு மறுபடி டைப் செய்து வைத்துவிட்டால், அக்காவிடம் நான் சொன்னது பொய்யாகாது.