நாலாம் எதிர்மனுதாரர்

ஜூன் 11
ஏரியில் இன்று இறால் அரைப் பறிதான். ஓலைக்கூடைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தனியாகத் தடவிப் பிடித்தேன். போலீஸ் வேலைக்குத் தேர்வானவர்கள் பட்டியலில் என் பெயர் வந்து இரண்டு மாதம். இட ஒதுக்கீட்டுப் பட்டியல் தப்பு என்று யாரோ வழக்குப் போட்டார்களாம். ஹைகோர்ட் தடை. வேலை உத்தரவு வரவில்லை.

ஏரியில் ஜமுனா எப்போதும் எனக்குப் பின்னால் வருவாள். நான் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "தள்ளிப் போடி, எனக்கு இன்னா மிச்சம்?" என்பாள். தேர்வையும் சேர்ந்துதான் எழுதினோம். அவளுக்கு ஒரு மார்க்கில் போய்விட்டது. அதோடு பேச்சும் நின்றுபோனது. நானும் போய்ப் பேசவில்லை. என்னவென்று பேசுவது?

ஜூன் 19
கோர்ட்டிலிருந்து பதிவுத் தபால். மேல் தாள் தமிழ், உள்ளே முப்பது பக்கம் இங்கிலீஷ். மனுதாரர்: ஜமுனா. எதிர்மனுதாரர் 4: கஸ்தூரி.

நான்! வழக்குப் போட்டது அவளா? என் வேலையப் பிடுங்கவா? ஒரே தட்டுல தின்னவதானே அவ!

படித்துக் காட்டியதும் நைனாவின் முகம் செத்துவிட்டது.

"எதிரின்னா இன்னானு எனக்குத் தெரியும்மே."

"எதிரி இல்ல நைனா, எதிர்மனுதாரர்."

"எல்லாம் ஒண்ணுதான்."

பன்னிரண்டு வருடத்துக்கு முன், செய்யாத மோட்டார் திருட்டுக்கு அவரைப் பிடித்துப்போனபோது போலீஸ் தாளில், குற்றம் செய்தவன் என்பதற்கு, இப்படித்தான் எழுதியிருந்தது. முதல் எதிரி, கருப்பன்.

ஜூன் 20
நைனா போய்விட்டார். ஏரிக்கு அக்கரையில், ஆந்திரப் பக்கம், சின்னம்மா வீட்டுக்கு. "நீயும் வந்துடுமே" என்றார். போகவில்லை. ஓடினால் தப்பு செய்தவள் ஆகிவிட மாட்டேனா?

ஜூன் 24
ஜமுனா வாசலில் வந்து நின்றாள். கதவைச் சாத்தினேன்.

"உள்ள இருக்கறத படிச்சியாடி?" என்று வெளியிலிருந்து கேட்டாள். தாழ்ப்பாளையும் போட்டேன். ரொம்ப நேரம் நின்றாள்.

ஜூன் 30
இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டேன். பழக்கம்.

ஜூலை 8
தாளை எடுத்துக்கொண்டு பொன்னேரிக்குப் போனேன். வக்கீல் கிறிஸ்டினா படித்துவிட்டுச் சிரித்தார். எனக்கு எரிச்சல்.

"உன்னை நீக்கச் சொல்லலம்மா. பொதுப் பட்டியலுக்கே போதுமான மார்க் நீ எடுத்திருக்க. அங்க வைக்காம உன்னை எஸ்.டி. இடத்துல வெச்சது தப்பு, அந்த இடம் அடுத்தவளுக்கு வரணும்னு கேட்டிருக்கா. உன் பேர் இல்லாம இந்த வழக்கு நிக்காது."

நான் முன்னால் நகர்ந்தால் அவளுக்கு இடம். ஏரியில் தெரிந்தது தாளில் தெரியாமல் போய்விட்டதே, மக்கு.

ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரலாமா என்று கேட்டேன். "தரலாம். ஆனா பொதுப் பட்டியல்ல கடைசியில இருக்கறவங்க, தங்க இடம் போயிடும்னு விடமாட்டாங்க. இன்னும் இழுக்கும்" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 9
ஜமுனா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே நண்டுக் குழம்பு கொதிக்கிற வாசனை. "கையெழுத்துப் போட்டுட்டேன்டி" என்று சத்தமாகச் சொன்னேன். கதவு திறக்கவில்லை. நியாயம்தான். ஆனாலும் வழியெல்லாம் அழுதேன்.

நவம்பர் 14
தீர்ப்பு வந்துவிட்டது. பட்டியலைத் திருத்தச் சொல்லிவிட்டார்கள். நைனாவுக்குப் போன் போட்டேன்.

"இப்ப நீ எதிரி இல்லியே?"

"இல்ல நைனா."

"தாள்ல போட்டுக்கிறானா?"

போட்டிருக்கிறது என்றேன். வருகிறேன் என்றார். இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 3
பயிற்சிப் பள்ளியில் முதல் நாள். அதிகாலையிலேயே மைதானத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். எங்கும் தெரியாத முகங்கள். பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. வரிசை நகர்ந்தது எனக்குத் தெரியவில்லை. நைனாவை நினைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றிருந்தேன்.

பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல்.

"தள்ளிப் போடி."

திரும்பிப் பார்க்காமல் ஓரடி முன்னால் வைத்தேன்.