க்ளூமி என்றால் பளபளப்பு

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன், நம்பாதே. நீ நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. போன வாரம் போனில் நீயும் உன் அறைக்காரர்களும் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது, கொழுகொழுவென்று நன்றாகத்தான் இருக்கிறாய். எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போடுவாய், இதைப் போட முடியாது.

அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் வேனை எடுத்துக்கொண்டு சரக்கு இறக்கப் போய்விடுகிறார், சொன்னால் கேட்டால்தானே. நீ போன தடவை வந்து மாட்டிய சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, உன் கைவேலை அவ்வளவுதான். என் தையல் மிஷினுக்கு பெல்ட் மாற்றியாகிவிட்டது. உன் தங்கைதான் சரியில்லை, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

இங்கிலீஷ் வார்த்தை எதுவும் மண்டையில் நிற்கவில்லை என்று அவள் அழுதபோது பெரிய வாத்தியார் மாதிரி பாடம் எடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா. "தமிழ்ல பளபள, மினுமினுன்னா யாராவது அர்த்தம் சொல்லியா தெரிஞ்சுக்கறோம், சத்தமே சொல்லிடுதுல்ல, இங்கிலீஷும் அப்படித்தான். க்ள-ன்னு ஆரம்பிச்சா வெளிச்சம், க்ளோ, க்ளிட்டர், க்ளீம். ஸ்ன-ன்னு ஆரம்பிச்சா மூக்கு, ஸ்னீஸ், ஸ்னிஃப். டிக்‌ஷனரியத் தூக்கிப் போடு" என்றாய். அப்ப ஸ்னாக்ஸை மூக்காலயா சாப்பிடறது என்று நான் சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டேன். "நீ குறுக்க பேசாதம்மா" என்று என் வாயை அடைத்தாய். அவள் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். பல் துலக்கும்போதுகூட க்ளோ, க்ளீம் என்று முணுமுணுப்புதான், டிக்‌ஷனரி பரண்மேல் ஏறிவிட்டது.

பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனாள். நோயாளிகள் வந்தால் எப்படி இருப்பாய் என்று டாக்டர் இங்கிலீஷில் கேட்டாராம். முகம் பளிச்சென்று இருக்கும் என்று சொல்ல வேண்டும் இவளுக்கு. எங்கேயோ பார்த்த ஒரு வார்த்தை, க்ள-வில்தானே ஆரம்பிக்கிறது, "ஐ வில் ஆல்வேஸ் பீ க்ளூமி சார்" என்று அத்தனை பல்லையும் காட்டிச் சொல்லியிருக்கிறாள். "இங்க வர்றவங்களே அப்படித்தாம்மா வர்றாங்க" என்று டாக்டர் சிரித்தாராம், கணக்குப் பார்க்கிறவர் சிரித்தாராம், இவளும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். "டாக்டரே சிரிச்சுட்டாரும்மா, வேலை எனக்குத்தான்" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் முதல் போன் யாருக்குப் போட்டாள்? உனக்கு.

கண்ணு, அந்த வார்த்தைக்கு உம்மென்று முகத்தைத் தொங்கப்போடுவது என்று அர்த்தம், பரவாயில்லை விடு என்று அவளிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லு என்றாய். அவளும் விஷயம் தெரியாமல் இன்னொரு தடவை சொன்னாள். சத்தத்தைக் கேட்டாலே அர்த்தம் புரியும் என்றாயே, அவளுக்கு அங்கே கேட்ட சத்தத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது. அதோடு விட்டாயா, சொந்தக்காரர்கள் எல்லாம் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் அவளுக்கு க்ளூமி என்று பெயரும் வைத்தாய். இப்போது சித்தி மகள்வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். அதற்கு மறுநாளே டாக்டர் எனக்குப் போன் செய்தார். "பொண்ணு கலகலன்னு இருக்கா, இங்கிலீஷ் போகப் போக வந்துடும், திங்கக்கிழமை அனுப்பிவைங்க" என்றார். நான் தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அவள் போர்வையை விலக்கவில்லை. "எங்கூடப் பொறந்தவனே ஊரக் கூட்டிச் சிரிக்கறான், அவங்க சிரிக்க மாட்டாங்களா" என்றாள். அப்பா கெஞ்சினார், நான் திட்டினேன், திங்கட்கிழமை போய்விட்டது. நேற்று அந்தப் பக்கம் போனபோது கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன், வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். டாக்டரும் சிரித்தார், சிரித்துவிட்டு வேலை கொடுத்தார். நீ சிரித்து அதைக் கெடுத்தாய். எனக்கு உன்மேல் இருக்கும் ஆத்திரம் லேசில் தீராது.

குரூப்பில் சாரி போட்டுப் பக்கத்தில் ஒரு பொம்மை போடுவாய், அந்த வேலையே வேண்டாம். முதலில் அந்தப் பெயரை எடு. பிறகு அறையில் ஒருத்தரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவளைக் கூப்பிடு. நான் சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு, நீ சொன்னது தப்பில்லை என்று சொல். எடுக்கமாட்டாள். எடுக்கிறவரைக்கும் கூப்பிடு. எடுத்தும் பேசாமல் இருந்தால், நீயும் வாயை மூடிக்கொண்டு காத்திரு.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதைக் கட்டிக்கொள். நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதான் இந்தக் கோபத்திலும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் எனக்குப் போன் செய்யாதே. அவள் உன் போனை எடுக்கிற அன்றைக்கு நானும் எடுக்கிறேன்.

இப்படிக்கு,
அவளுக்கும் அம்மா