சொன்னதைத் திரும்ப வாங்க வந்தவளுக்கு

இன்று காலை மேல் வீட்டில் யாரோ காய்ந்த மிளகாயை எண்ணெயில் கருக விட்டுவிட்டார்கள். நெடி படிக்கட்டு வழியாக இறங்கி எங்கள் தளம் முழுக்கப் பரவிவிட்டது. எதிர்வீட்டுப் பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். என் வீட்டுக்காரர் இருமிக்கொண்டே மின்விசிறியைப் போட்டார். நான் மட்டும் வாசல் கதவை அகலத் திறந்துவைத்து ஆசையாக மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். இப்படியும் ஒரு பைத்தியம் உண்டா என்று நீ கேட்டிருப்பாய். உண்டு. வருடக்கணக்கில் மிளகாய் சேர்க்காமல் மோர்ச்சோறும் ரொட்டியும் தின்றவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். அந்தப் பத்தியத்தைச் சொன்னவளும் நீதான், அது வேண்டாம் என்று வந்து நின்றவளும் நீதான்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்னிடம் பேச எனக்கு வேறு வழி தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நாம் சிநேகமானது மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில். எண்பதுகளில் நான் நகரத்தில் டெலிபோன் ஆபரேட்டர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு வெளியூர்களுக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுக்கும் வேலை. கோயம்புத்தூர் லைன் கிடைக்கவில்லை என்றால் அதற்கும் என்னைத்தான் திட்டுவார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். திட்டியவர்களுக்கு மரியாதை குறையாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதியை ரயிலில் கொட்டிக்கொண்டு தாம்பரம் வந்து சேருவேன். சேலையூரில் சின்ன கிளினிக் வைத்திருந்த நீ, வியாழக்கிழமை மதியம் மட்டும் அதைப் பூட்டிவிட்டு நகரத்துக்குப் போய், மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் படித்துவிட்டு ஜெராக்ஸ் கட்டோடு திரும்புவாய். அவையும் கப்பலில் வந்து பல மாதம் பழசாகியிருக்கும். உனக்கு அவை அன்றைய தினசரிதான். சைதாப்பேட்டையில் படிக்க ஆரம்பித்தால் பல்லாவரம் வரை தலை நிமிராது.

ஒரு நாள் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து யாரையோ வாயாரத் திட்டிக்கொண்டிருந்தபோது, காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாய். "உங்களுக்கு நெஞ்சுக்குக் கீழ எரியுமா?" எப்படித் தெரியும் என்றேன். வலது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டே திட்டுகிறேனாம். அன்றைக்கு நான் உன் நோயாளி ஆனேன். மாம்பலம், கிண்டி என்று சில வாரங்கள் போனதும் "நீங்க" உதிர்ந்து "நீ" ஆகிவிட்டது.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க ஏற்பாடு செய்தாய். குடல் தொடங்கும் இடத்தில் புண் இருந்தது. அன்றைக்கு எல்லா மருத்துவர்களும் சொன்னதைத்தான் நீயும் சொன்னாய். காரம் கூடாது, புளி கூடாது, வேளைக்குச் சாப்பிட வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் டென்ஷன் ஆகவே ஆகாது. மாத்திரை சாப்பிட்டால் ஆறும், நிறுத்தினால் சில மாதத்தில் வலி பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். என் மாமியாருக்கு இது கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி ஆயிற்று. பொம்பளைக்கு இவ்வளவு கோபம் இருந்தால் வயிறு புண்ணாகாமல் என்ன செய்யும் என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். வாயைக் கட்டினேன். கோபத்தையும் கட்டிப் பார்த்தேன், அதுதான் முடியவில்லை. ஒவ்வொரு முறை வலிக்கும்போதும் இதை நானே எனக்கு வரவழைத்துக்கொண்டேன் என்று நினைத்துக்கொள்வேன். வலியைவிட அந்த நினைப்பு கொடுமையாக இருந்தது.

அந்த வருடங்களில்தான் உன் வினோதமான பழக்கத்தைப் பார்த்தேன். வியாழக்கிழமை படித்த புதிய செய்தி, நீ அதுவரை சொல்லிவந்த யோசனைக்கு எதிராக இருந்தால் உனக்குத் தூக்கம் வராது. நாலு இடத்தில் வந்திருக்கிறதா என்று சரிபார்ப்பாய். பிறகு ஞாயிற்றுக்கிழமை மொபெட்டை எடுத்துக்கொண்டு, அந்த யோசனையைக் கேட்டு நடப்பவர்களின் வீடுகளுக்கே போய்விடுவாய். நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்பாய். அதிலும் ஒரு சட்டம் வைத்திருந்தாய். யார் யார் முன்னால் சொன்னாயோ அவர்கள் எல்லாரும் இருக்கும்போதுதான் திரும்ப வாங்க வேண்டும். ஆள் குறைந்தால் காத்திருப்பாய்.

கீழ்க்கட்டளையில் ஒரு தாய், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வயிற்றைக் காயப்போடுவாள். அப்படிச் சொல்லிக் கொடுத்ததும் நீதான். அவளிடம் போய், பால் கொடுப்பதை நிறுத்தாதே, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை விடாமல் கொடு என்று சொல்லிவிட்டு வந்தாய். கூடுவாஞ்சேரியில் மாரடைப்பு வந்த ஒரு பெரியவரைக் கட்டிலை விட்டு இறங்காதீர்கள் என்று சொல்லியிருந்தாய். பிறகு நீயே போய் அவரைத் தெருமுனை வரை கைப்பிடித்து நடத்திக் கூட்டிவந்தாய். பெருங்களத்தூர்க் கொத்தனாரைப் பார்க்கப் போனபோது நானும் பின்னால் உட்கார்ந்து வந்தேன். இடுப்புப் பிடிப்புக்குப் பலகையில் மாதக்கணக்கில் படுக்கச் சொல்லியிருந்தாய். இனிமேல் படுக்காதே, முடிந்தவரை நடமாடு என்று சொன்னதும் மனிதர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, போன தபா பட்துக்கினே கெடன்னீங்கோ. இப்ப எயுந்து நடன்றீங்கோ. எத்த நான் நம்பறது?"

"ரெண்டாவதா சொன்னதை நம்புங்க. முதல்ல சொன்னப்ப எனக்குத் தெரியாது."

அவர் நம்பினார். எல்லாரும் நம்பவில்லை. டாக்டரம்மா வாரத்துக்கு ஒரு பேச்சுப் பேசுகிறாள் என்று உன் கிளினிக் இருந்த கேம்ப் ரோடு முழுக்கக் கேலி கிளம்பியது. அடுத்த தெருவில் இன்னொரு மருத்துவர் இருந்தார், தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிப்பவர். அவர் வாசலில் கூட்டம் சேர்ந்தது, உன் பெஞ்சு காலியாகிக்கொண்டே வந்தது. உனக்கு ஏன் இந்த வீண் வேலை, புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் புதுசைச் சொல்லிவிட்டுப் போயேன் என்று நானே உன்னைக் கடிந்துகொண்டேன். "பழசைக் கேட்டவங்க அதையே செஞ்சுக்கிட்டு இருப்பாங்களே சரோ" என்றாய்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ரத்த வாந்தி வந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நீ என் கட்டிலருகே உட்கார்ந்து, மாமியாரும் வீட்டுக்காரரும் கேட்க, வேலையை விட்டுவிடு என்று சொன்னாய். அவர்கள் சொல்லியிருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன். நீ சொன்னதால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அந்த வேலை எனக்கு எவ்வளவு பெரிது என்பது உனக்குத் தெரியும். காலை ரயிலைப் பிடித்து ஓடி, நாலு ஊரைக் கம்பியில் இணைத்துவிட்டுத் திரும்பும் அந்தப் பெண்தான் நான். அவளை விட்டுவிட்டால் வீட்டில் மிஞ்சுவது ஒரு நோயாளி மட்டும்தான். இருந்தும் ராஜினாமாக் கடிதம் தயாராயிற்று. விடுப்பு முடிகிற திங்கட்கிழமை நேரில் போய்க் கொடுப்பதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள் மத்தியானம், நாங்கள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அப்போது நாங்கள் குடியிருந்த சிட்லபாக்கத்து வீட்டு வாசலில் உன் மொபெட் சத்தம். உள்ளே வந்தாய். மாமியார் இலை போடட்டுமா என்றதற்குத் தலையாட்டி மறுத்தாய். நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இந்த நிற்பை நான் மற்ற வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

"சரோ, நான் உன்கிட்ட சொன்னது தப்பு. உன் கோபத்தால வந்த புண் இல்ல இது. காரத்தாலயும் இல்ல. பெரும்பாலும் ஒரு கிருமியால வருது. பத்து வருஷத்துக்கும் மேல எழுதிக்கிட்டு இருக்காங்க. வயித்து அமிலத்துல எந்தக் கிருமியும் பிழைக்காதுன்னு படிச்சதால நான் நம்பல. வேலையை விடாதே."

அப்புறம் மாமியார் பக்கம் திரும்பி, அவர் முன்னால் சொன்னதால் அவரிடமும் சொல்கிறேன் என்றாய். ஆஸ்திரேலியாவில் ஒரு மருத்துவர் இதை நிரூபிக்க அந்தக் கிருமியையே கரைத்துக் குடித்துத் தன் வயிற்றைக் கெடுத்துக்கொண்டார் என்றும் சொன்னாய். மாமியார் அதைக் கேட்டு, அவருக்கு வீட்டில் பெண்டாட்டி இல்லையா என்றார். என் வீட்டுக்காரர்தான் தயங்கினார். நான் மருத்துவமனையில் இருந்தபோதே இந்தக் கிருமிப் பேச்சை எங்கோ கேள்விப்பட்டு, பெரிய நிபுணர் ஒருவரிடம் விசாரித்ததில் அவர் சிரித்துவிட்டாராம். நீ கோபித்துக்கொள்ளவில்லை. போன மாதம் வரை தானும் சிரித்ததாகச் சொல்லி, கிருமிக்கான மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறேன், பிறகு மறுபடி குழாய் விட்டுப் பார்க்கலாம், அதுவரை அந்தக் கடிதம் பீரோவில் இருக்கட்டும் என்றாய்.

இரண்டு வாரம் மாத்திரைகள். வாயெல்லாம் இரும்பை நக்கின மாதிரி ஒரு ருசி. தலை சுற்றும், குமட்டும். தினமும் கிளினிக் முடிந்ததும் நீ வந்து எட்டிப் பார்த்தாய். நாக்கை நீட்டச் சொல்வாய், வயிற்றை அமுக்குவாய், என்னைவிட உனக்குத்தான் முகம் வெளுத்திருக்கும். மறுபடி ரத்தம் கசிந்தால் ஊர் உன்னைச் சும்மா விடாது என்பது எனக்குத் தெரியும். நான் வேலைக்கும் போய் வந்தேன். வேண்டுமென்றே ஒரு வாடிக்கையாளரிடம் சண்டையும் போட்டுப் பார்த்தேன். வலிக்கவில்லை. சில மாதம் கழித்துக் குழாய் விட்டுப் பார்த்தபோது புண் இருந்த இடம் ஆறியிருந்தது. நீ அந்த அறிக்கையைக் கிளினிக் வாசலிலேயே நின்று படித்துவிட்டு, என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அதற்குப் பிறகு வலி வரவே இல்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கே கத்திரிக்காய்க் காரக்குழம்பு வைத்தேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வர வர மூன்றாவது முறை சோறு போட்டுக்கொண்டபோது, எதிரில் உட்கார்ந்திருந்த நீ என் தட்டைப் பிடித்துக்கொண்டாய். கிருமி போய்விட்டது என்றுதான் சொன்னாயாம், இத்தனை வருடப் பழியைத் தீர்த்துக்கொள்ளச் சொல்லவில்லையாம். "நாளைக்கு இதுவும் மாறலாம் சரோ. மாறினா நானே வந்து சொல்றேன்" என்றாய்.

நான் ஓய்வு பெறும் வரை அதே துறையில் இருந்தேன். டிரங்க் கால் ஒழிந்தது, வேறு நாற்காலி கொடுத்தார்கள், அங்கேயும் நன்றாகச் சண்டை போட்டேன். இப்போது காலையில் கைப்பேசியைத் திறந்தால் ஆராய்ச்சிச் செய்திகள் கொட்டுகின்றன. இதயத்துக்கு இது நல்லது, எலும்புக்கு அது கெட்டது என்று அனுப்பியவர்களே, அடுத்த மாதம் நேர் எதிராக அனுப்புகிறார்கள். ஒருவரும் போன மாதம் சொன்னது தப்பு என்று சொல்வதில்லை. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் கூடத்தில் உட்கார மறுத்து நின்ற உன்னை நினைத்துக்கொள்வேன். எனக்குக் கிடைத்த மாதிரி ஒரு வைத்தியர் எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

உனக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. ஏன் உனக்கு, ஏன் இப்படி என்று நான் பிதற்றினேன். நீ தலையணையில் சாய்ந்தபடி நிதானமாகச் சொன்னாய். "ஏன் வந்துச்சுன்னு தெரியல சரோ. தெரியலைங்கறதும் ஒரு பதில்தான்."

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று, உன் சொந்தக்காரர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, வேளைக்குச் சாப்பிட்டதில்லை, ஊரார் கவலையை எல்லாம் தலையில் போட்டுக்கொண்டாள், மனசுக்குள் வைத்துப் புழுங்கினாள், வராமல் என்ன செய்யும் என்றார் ஒரு பெரியவர். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. எழுந்துவிட்டேன்.

"அவ செஞ்ச எதனாலயும் இது வரல. ஏன் வந்துச்சுன்னு அவளுக்கே தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாதுன்னு சொல்லுங்க, இல்லன்னா பேசாம உக்காருங்க."

மூலையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த ஒரு வயசாளி, "அந்தம்மா சொல்றது கரீக்ட்டு" என்றார். மற்றவர்கள் என்னைப் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து, பழைய பயத்தில், வயிறு வலிக்கிறதா என்று கேட்டார். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. தெருவில் நின்றே அழுதேன்.

வயசாகிவிட்டது, இனியாவது கோபத்தைக் குறைத்துக்கொள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லார் முன்னிலையிலும் நின்றுகொண்டு நீ எனக்குத் திருப்பிக் கொடுத்தது அது.