எலிகளுக்குப் போட்ட பெருநாள் சாப்பாடு

மெல்பேர்ன்
25.09.2009

அன்புள்ள உம்மா,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? சண்டை முடிந்து வந்த முதல் நோன்புப் பெருநாள், சாய்ந்தமருதில் கலகலப்பாக இருந்திருக்கும்.

இங்கே ஒரு சின்ன விசயம் நடந்தது, பயப்படாதீர்கள். எங்கள் ஆய்வுகூடத்தில் புற்றுநோய்க் கட்டியுள்ள எலிகளில் பாதிக்குக் கொழுப்புத் தீனி, மீதிக்குச் சாதாரணத் தீனி. கொழுத்தவற்றில் கட்டி வேகமாக வளர்கிறதா, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசி அவற்றில் பிடிக்கிறதா என்று பார்க்கிறோம்.

பெருநாள் தொழுகை முடிந்து நேரே தீனி வைக்கப் போனேன். மெலிந்த எலிகள் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றன. சுனாமி முகாமில் ஒரே தட்டில் கூடி உண்ணும் நம் சகன் சோற்றைப் பார்த்து நின்ற பிள்ளைகளுக்கு, "பெருநாளும் அதுவுமா பாக்க வெச்சுத் திண்ணப்படா மகன்" என்று என்னிடம் சொல்லி நீங்கள் அள்ளிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. அந்த மெலிந்த எலிகளுக்கும் கொழுப்புத் தீனியை அள்ளிப் போட்டேன்.

மறுநாள் பேராசிரியரிடம் நானே சொன்னேன். அவர் ஏசவில்லை. "இனி அந்த எலிகள் ஆய்வுக்கு உதவாது" என்றார். அன்றே கொன்றுவிட்டார்கள். அவற்றில்தான் ஊசி நன்றாகப் பிடித்துக் கட்டி சுருங்கத் தொடங்கியிருந்தது, உம்மா.

யாராவது வந்தால் நம் வீட்டு மிளகாய்த்தூளும் இடுப்பில் உடுக்க வாப்பாவின் பழைய சாரன் ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். பஸ் வருகிறது, முடிக்கிறேன்.

"பெருநாளைக்கு ஆரோட மகன் சாப்பிட்ட?" என்று போனில் கேட்டீர்கள். லைன் வெட்டியது போல போனை வைத்துவிட்டேன். வேறு யாரும் இல்லை, அந்த எலிகளோடுதான்.

உங்கள் மகன்,
றிபாஸ்