கட்டில் கேட்டு வந்தவர்

அன்புள்ள பாப்புவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே? நாங்களும் நலம் என்று எழுதத்தான் கை வருகிறது, அப்பாவின் முழங்கால்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. நோயாளிகளுக்குக் கட்டிலும் சக்கர நாற்காலியும் வாடகைக்குக் கொடுக்கிற மனிதர், தனக்கு ஒரு கைத்தடி எடுத்துக்கொள்ள வெட்கப்படுகிறார். எனக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கடைக்கு நீ செய்து கொடுத்த வெப்சைட்டை எல்லாரும் அழகு என்கிறார்கள், எனக்கும் பெருமைதான். ஆனால் போன வாரம் நாங்கள் ஷட்டரைத் தூக்கும் முன்பே ஒரு தையல்காரர் வாசலில் நின்றிருந்தார். இடுப்பு எலும்பு முறிந்த மனைவியை முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்திருக்கிறார். போனில் நம் கட்டில் படத்தைத் தொட்டதும் 'கூடையில் சேர்ந்தது' என்று பச்சை டிக் வந்ததாம், ஆர்டர் முடிந்தது என்று நினைத்து வண்டியை எதிர்பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஆர்டரை உறுதிசெய்கிற கடைசிப் பட்டன் கீழே வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கிறது, அவர் கண்ணுக்குப் படவேயில்லை. நம் நம்பரைத் தேடியும் கிடைக்கவில்லை. அந்த அம்மா வலியோடு ராத்திரி முழுக்கத் தரையில் கிடந்திருக்கிறார். நம்மைக் கோபமாக நாலு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தேவலை, அவரோ, 'எனக்குத்தாம்மா பாக்கத் தெரியல, தப்பா நெனச்சுக்காதீங்க' என்று என்னிடம் சொன்னார். அப்பா உடனே கட்டிலை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மத்தியானம் திரும்பி வந்து, சாய வச்சதுமே தூங்கிட்டாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவரும் தூங்கிப்போனார்.

உன்மேல் குறை இல்லை கண்ணு. அவ மனசு நோகும், எழுதாத என்றுதான் அப்பாவும் சொன்னார். ஆனால் நம்மிடம் வருகிறவர்களுக்குத் தூக்கம் இருக்காது, கை நடுங்கும், பாதிக் கவனம் பக்கத்து அறை முனகலில் இருக்கும். நம்பர் மேலே பளிச்சென்று தெரியட்டும், பட்டன் பெரிதாக இருக்கட்டும், கட்டில் எப்போது வரும் என்று ஒரு வரி போதும். படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேளைக்குச் சாப்பிடு, திரையையே வெறித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. லீவில் வரும்போது ஒரு நாள் முழுக்கக் கடையில் என் பக்கத்தில் உட்கார், வருகிறவர்களின் முகத்தைப் பார். நான் எழுதத் தெரியாமல் விட்டதெல்லாம் அங்கே இருக்கும்.

நல்லா இரு.

உன் மேல் உயிராக இருக்கும்
அம்மா