நோம்பியன்று கொடுத்த சர்க்கரைத் தண்ணீர்

அன்பான மல்லிகா,

உன் அண்ணி எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தவரை உனக்கு ஒரு வரி எழுதாதவளுக்கு இப்போது என்ன வந்தது என்று நீ சிரிப்பாய். சிரி. அந்தச் சிரிப்பு இல்லாமல் வீடு ரொம்பவே அடங்கிக் கிடக்கிறது. உன் அண்ணன் சாயங்காலக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்க்கிறார். நீ ஸ்கூட்டரை நிறுத்தும் நேரம் அது.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு உன் இடத்தில் வேறொரு நர்ஸ் வந்திருக்கிறாள். ஒற்றப்பாலம் பக்கத்துப் பெண், நல்லவள். உன்னைப் போலவே அவளுக்கும் ஏகப்பட்ட பள்ளிக்கூடங்கள். எங்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான். மற்ற நாளில் பிள்ளைகளுக்கு நோவு வராமலா இருக்கும் என்று நீ எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருப்பாயே, அந்தக் கேள்வி இன்னும் அப்படியேதான் நிற்கிறது.

உன் கவுசல்யாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். சின்ன வயதிலேயே சர்க்கரை நோய் வந்து, தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிற பிள்ளை. "பொட்டப்புள்ளைங்க, வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஆரு கட்டுவாங்க?" என்று அவள் அம்மா யாருக்கும் சொல்லவிடவில்லை. நீ நடையாய் நடந்து, பள்ளியில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் சொல்லச் சம்மதம் வாங்கினாய். ஊசியைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்கிற என்னைப் போய்ப் பிடித்தாய்.

"வேர்த்து நடுங்குனா யோசிக்காதீங்க அண்ணி. மொதல்ல சக்கரை குடுங்க, கேள்வியெல்லாம் அப்புறம்" என்று சொல்லி, என் அலமாரியில் ஒரு டப்பாவை வைத்தாய். எறும்புக்கு விருந்து வைக்கிறாயா என்று நான் உன்னைக் கேலி செய்தேன்.

போன மாசியில் மாரியம்மன் நோம்பி. திருவிழா அன்றைக்கும் எங்களுக்குப் பரீட்சை இருந்தது. கவுசல்யா மாவிளக்கு எடுப்பதாக வீட்டில் நேர்ந்திருந்தார்கள். சாயங்காலம் வரைக்கும் தண்ணீரைத் தவிர எதையும் தொடக்கூடாது. அது எனக்குத் தெரியாது. வகுப்புக்குள் போனபோது பிள்ளை மேசையில் தலை சாய்த்திருந்தது. விரதம், அதுதான் களைப்பு என்றார்கள் பக்கத்தில் இருந்தவர்கள். தொட்டுப் பார்த்தேன். கழுத்தெல்லாம் வேர்வை. அவள் கை நடுங்கியது.

ஓடிப்போய் டப்பாவை எடுத்து வந்து கரைத்துக் கொடுத்தால், பல்லைக் கடித்துக்கொண்டு குடிக்க மாட்டேன் என்கிறாள். "நோம்பிங்க டீச்சர், சாமி குத்தமாயிருமுங்க."

"மாரியாத்தாகிட்ட நான் பேசிக்கறேன், நீ குடி கண்ணு."

குடித்தாள். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் உன்னைத்தான் திட்டிக்கொண்டு போனேன், இப்படி என்னைத் தனியே விட்டுவிட்டுப் போனாயே என்று.

அவள் அம்மா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். காலையில் பட்டினியோடு ஊசியை மட்டும் போட்டு அனுப்பியிருக்கிறாள். "ஊசி வயித்துக்குள்ள போறதில்லைங்களே டீச்சர், விரதம் கெடாதுன்னு நெனச்சனுங்க. ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு மல்லிகாம்மா சொன்னாங்கல்லங்க" என்றாள். அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. சாமியையும் விடாமல் உன் பேச்சையும் தட்டாமல் இருக்கப் பார்த்தவளை என்ன சொல்வது? சாப்பிடாமல் போடக்கூடாது என்றும் நீ சொல்லித்தான் இருப்பாய். பயத்தில் இருக்கும் தாய்க்கு எது நிற்கும், எது நழுவும் என்று யாருக்குத் தெரியும்? இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து அழுதோம். அவள் மகளுக்காக அழுதாள். நான் உனக்காகவும் சேர்த்து அழுதேன்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அவளாகவே எழுந்து நின்றாள். முந்தானையைத் திருகிக்கொண்டே, "எம்புள்ளைக்குச் சக்கரை நோவு இருக்குதுங்க. வேர்த்துச்சுன்னா ஆராச்சும் சக்கரை குடுத்துருங்க. விரதமுன்னு சொன்னாலும் கேக்காதீங்க" என்றாள். கல்யாணப் பேச்சு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. கூட்டம் கலைந்த பிறகு இன்னொரு தாய் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, தன் மகளுக்கு வலிப்பு வருவதைச் சொன்னாள். இதுவரை வாய் திறக்காதவள். இதைக் கேட்க நீ இருந்திருக்கக் கூடாதா?

இப்போது எல்லா வகுப்பிலும் ஒரு டப்பா இருக்கிறது. விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கப் புது நர்ஸ் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். முதல் தடவை நானும் கண்ணை மூடினேன், கவுசல்யாவும் மூடினாள். குத்து மேசைவிரிப்பில் விழுந்தது.

வருகிற நோம்பிக்கும் கவுசல்யா மாவிளக்கு எடுக்கிறாள். பூசாரியிடம் நானே பேசிவிட்டேன். பிள்ளை சாப்பிட்டுவிட்டுத்தான் எடுக்கும். கோயில்வரைக்கும் அவள் பக்கத்தில் நான் நடப்பேன், மல்லிகா, முந்தானையில் சர்க்கரையை முடிந்துகொண்டு.

என்றும் உன் அண்ணி,
சுமதி