வெள்ளிக்கிழமைக்குள் கேட்ட போலீஸ் ரிப்போர்ட்

மார்சிலிங்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் டானியலாவுக்கு உன் சித்தப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நாங்கள் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுக் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அதுவே போதும். இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன், வேண்டுமானால் சித்தியைக் கேள். நீ சாங்கி விமான நிலையத்தில் கேமராப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்போதே, மூன்றாவது ரேஸில் மழை பெய்யும், ஒருவன் சுவரில் மோதுவான், அதனால் என் பிள்ளைக்கு ஒரு கஷ்டம் வரும் என்று சொன்னேன். முப்பத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவனுக்குத் தெரியாதா? துவாஸில் நான் வளைவெடுத்த அழகைப் பார்த்து ஒரு ஜப்பான்காரன் ரேஸ் ஓட்ட வருகிறாயா என்று கேட்டவன்தானே நான்.

உன் மீடியா பாஸை நிறுத்திவிட்டார்கள் என்று நான் பெற்றவள் ஜெனிவீவ் வந்து சொன்ன நாளிலிருந்து எனக்கு உன் நினைப்புதான். இருபத்துநாலு மணி நேர ரேஸில் ஓட்டுகிறவர்கள் மாறி மாறிப் படுத்துக்கொள்ளலாம், நீ ஒருத்தி தூங்காமல் அந்தக் கனத்த லென்ஸைத் தூக்கிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் நனைந்துகொண்டு நின்றாய். இந்த வருடத்து எட்டில் இன்னும் ஐந்து ரேஸ் பாக்கி, இனி நீ டிக்கெட் வாங்கின கூட்டத்தோடு வெளியே நிற்க வேண்டியதுதானா? முதல் படத்தை ஆபீசுக்கு முன்னால் எனக்கு அனுப்புவது உன் அப்பா போன பிறகு நீயாக வைத்துக்கொண்ட வழக்கம். நொறுங்கின காருக்குள் அந்தப் பையன் மாட்டியிருந்த படத்தையும் அப்படித்தான் அனுப்பினாய், யாருக்கும் காட்டாதீங்க சித்தப்பா, அவங்க வீட்டுக்கு இன்னும் சொல்லல என்று கீழே எழுதியிருந்தாய். அவன் பிழைத்துக்கொண்டான், ஆண்டவருக்கு நன்றி. ஆனால் அவனைப் பெற்றவள் யாரோ அனுப்பிய அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள், அதற்குத்தான் உன் பாஸை நிறுத்தினார்கள் என்றாயே, அதை நினைத்து ஞாயிறு பூசைக்குக்கூட நான் போகவில்லை.

படம் வந்த அன்றைக்கே தேக்கா சந்தையில் கோழிக்கடை முன்னால் என் போனை ஒருவன் அடித்துக்கொண்டு போய்விட்டான், அவன்தான் படத்தைப் பரப்பினான் என்று போன கடிதத்தில் எழுதினேன். சிவப்புச் சட்டை, கையில் பச்சை குத்திய தேள், ஐந்தரை அடி என்றிருந்தேன், யோசித்தால் ஆறடி இருப்பான். நீயும் அதை அப்படியே ரேஸ் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாய், அவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் போலீஸ் ரிப்போர்ட் கேட்கிறார்கள், இல்லையென்றால் அடுத்த வருடமும் பாஸ் கிடையாது. ஜெனிவீவ் செங்காங்கிலிருந்து இரண்டு தடவை வந்துவிட்டாள், புது வீட்டுச் சாவி கிடைத்த சந்தோஷத்தைக்கூட அவளால் சொல்ல முடியவில்லை, பத்து நிமிஷ வேலை லா, நானே கூட்டிட்டுப் போறேன், ஏம்ப்பா இழுக்குறீங்க என்று சித்தி முன்னால் சத்தம் போட்டாள். இரண்டு தடவையும் போலீஸ் நிலைய வாசல் வரை போய்த் திரும்பி, எதிரே கோப்பிக்கடையில் உட்கார்ந்தேன். அங்கே தினமும் வந்து உட்காரும் வடிவேலு, என்னா இயேசுதாஸ் அண்ணே, உங்க மக எடுத்த படம் ஊரெல்லாம் சுத்துதாமே, இப்ப ஏன் வாயைத் தொறக்க மாட்டேங்கிறீங்க என்றான். பாதிக் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சித்திக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. நீ ஈரச் சாக்ஸோடு தூங்காதே. மாதா உன் கண்ணையும் கையையும் காக்கட்டும், உன் அப்பாவின் ஆசீர்வாதமும் உன்னோடு இருக்கட்டும். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதே மகளே, அது வராது. காலையில் ஜெனிவீவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நீ பொய் சொல்லவில்லை, என்னை நம்பினாய் என்று ரேஸ் நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதி என் கையெழுத்தை வாங்கிக்கொண்டாள், இந்தக் கடிதத்தோடு அதையும் படம் பிடித்து இன்றே உனக்கு அனுப்புவாள். அதனால் பாஸ் திரும்பாது என்று எனக்குத் தெரியும். சிவப்புச் சட்டைக்காரன் என்று யாரும் இல்லை, என் போன் தொலையவே இல்லை. நீ அனுப்பிய ஐந்தாவது நிமிடம், என் மகள் எடுத்தது, உலகத்திலேயே முதலில் பார்ப்பது நீங்கள்தான் என்று எழுதி, போனில் இருக்கும் நம் கோயில் குழுவில் நூற்றெண்பது பேருக்கு அந்தப் படத்தைப் போட்டவன் நான்தான்.

இப்படிக்கு
உன் சித்தப்பா
இயேசுதாசன்